ஒரு வருடத் தேயிலை, ஒரே கப்பல்

2024ஆம் ஆண்டில் இலங்கை ஏற்றுமதி செய்த தேயிலை ஏறக்குறைய 245 மில்லியன் கிலோ. டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா, ஊவா, கீழே இரத்தினபுரி, காலி வரை தோட்டங்களிலும் சிறு நிலங்களிலும் பறித்த கொழுந்தின் கணக்கு அது. தூளைச் சாக்கில் கட்டி அடுக்கினால் இருபது அடிக் கொள்கலன் ஒன்றில் சுமார் பத்துத் தொன் பிடிக்கும். ஆக, நாட்டின் ஒரு வருடத் தேயிலைக்கு 24,500 கொள்கலன் போதும்.

கொழும்புத் துறைமுகம் அதே ஆண்டில் கையாண்டது ஏறக்குறைய 7.8 மில்லியன் கொள்கலன். நாளொன்றுக்குப் பார்த்தால் 21,000க்கு மேல். நாடே வருடம் முழுக்கப் பாடுபட்டுச் செய்த தேயிலை, துறைமுகத்துக்கு ஒரு நாள் வேலையைவிடச் சற்றுத்தான் கூடுதல். இன்று ஓடும் மிகப்பெரிய கப்பல்களில் ஒன்றான எம்.எஸ்.சி. ஐரினா 24,346 கொள்கலன் சுமக்கும். ஏறத்தாழ அத்தனை தேயிலையும் அந்த ஒரு கப்பலோடு போய்விடும். பைக்கற்றிலும் தேயிலைப் பைகளிலும் அடைத்துப் போவது கூடுதல் இடம் பிடிக்கும்தான். அதற்காகக் கணக்கை இரட்டிப்பாக்கினாலும் மூன்று நாளைக்குள் வேலை முடிந்துவிடும்.

மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்தும். ஏனென்றால் கொழும்புத் துறைமுகம் இன்றைய உருவத்துக்கு வந்ததில் தோட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தபோது நீராவிக் கப்பல்களின் முக்கியத் துறைமுகம் காலிதான். கொழும்பில் தென்மேற்குப் பருவக் காற்றுக்கு மறைப்பு இருக்கவில்லை. 1875இல் பிரித்தானிய இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவர் 1880களின் நடுவில் முடிந்தது. 1883இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. சுவர், ஏலம், ரயில் மூன்றும் ஒரு சில வருட இடைவெளியில் சேர்ந்ததால்தான் மலையில் காய்ந்த தூள் இலண்டனுக்குச் சுளுவாகப் போய்ச் சேர்ந்தது.

அந்தத் துறைமுகம் இன்று யாருடைய சரக்கில் பிழைக்கிறது, அதில் நம் தேயிலைக்கு என்ன லாபம் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் தேயிலை எப்படிப் பெட்டிக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்டோரில் இருந்து கொள்கலனுக்கு

முன்பு தேயிலை போனது மரப்பெட்டியில். ஒட்டுப்பலகையால் செய்து, உள்ளே ஈயத் தாளோ அலுமினியத் தாளோ விரித்து, ஓரங்களில் தகரம் அடித்த பெட்டி. துறைமுகத்தில் அவற்றைப் படகில் ஏற்றி, நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டுபோய், வலையில் கட்டித் தூக்கி, கப்பலின் வயிற்றுக்குள் ஆட்கள் கையால் அடுக்குவார்கள். ஒரு கப்பல் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும்.

இப்போது ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தூளை ரகம் பிரித்ததும் பல அடுக்குக் காகிதச் சாக்கில் நிரப்புகிறார்கள். சாக்கின் மேல் தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்று ரகம், இன்வொய்ஸ் இலக்கம், நிறை எல்லாம் அச்சாகியிருக்கும். லொறி கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கிக் கொழும்புக் களஞ்சியங்களுக்குப் போகும். செவ்வாயும் புதனும் ஏலம். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது அந்த ஏலம் மண்டபத்தை விட்டு இணையத்துக்கு மாறியது. வாங்கியவர் பல தோட்டத்துத் தூளைக் கலந்து, பொதி செய்து, கொழும்பைச் சுற்றியுள்ள களஞ்சியத்தில் வைத்தே கொள்கலனை நிரப்புகிறார்.

நிரப்பும் முன் ஒரு சோதனை உண்டு. ஆள் ஒருவர் காலிக் கொள்கலனுக்குள் நிற்க, வெளியே கதவைச் சாத்துவார்கள். உள்ளே கும்மிருட்டு. கூரையிலோ சுவரிலோ ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது, மழைத்தண்ணீர் இறங்கும். அந்தப் பெட்டி தேயிலைக்கு ஆகாது. அடுத்து மூக்குச் சோதனை. போன பயணத்தில் அதே பெட்டி மிளகோ இரசாயனமோ இறப்பரோ சுமந்திருக்கலாம். சுமார் மூன்று சதவீத ஈரப்பதத்துக்குக் காய வைத்த தேயிலை, பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் எந்த ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வெப்பநாட்டில் மூடிய பெட்டி குளிர்கடலுக்குப் போகும்போது, உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் கூரையில் நீராகக் கோத்துச் சொட்டும். அதற்காகச் சுவர் முழுக்கக் காகிதம் விரித்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தொங்கவிடுகிறார்கள்.

இருபது அடி இரும்புப் பெட்டி

உலக வணிகத்தை மாற்றிய கருவிகளில் இந்தப் பெட்டிக்கு முன்வரிசை இடம். அமெரிக்காவில் லொறிக் கம்பனி நடத்திய மல்கம் மக்லீன், 1956 ஏப்ரல் 26இல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூஆர்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கை லொறியில் இருந்து இறக்கி மறுபடி கப்பலில் ஏற்றாமல், பெட்டியை அப்படியே தூக்கி வைத்துவிட்டார். வேலை நாள்களில் இருந்து மணிகளுக்குச் சுருங்கியது.

இன்றைய அளவு நீளம் 20 அடி, அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. கொள்ளளவு 33 கன மீற்றர். 40 அடிப் பெட்டியை இரண்டு இருபதடியாகக் கணக்கிடுவார்கள். செய்திகளில் வரும் 'டி.ஈ.யூ.' என்ற அலகு இந்த இருபதடிதான். எட்டு மூலைகளிலும் துளையுள்ள வார்ப்பு எஃகு இருக்கும். பாரந்தூக்கியின் பிடி மேல்மூலைத் துளைகளுக்குள் நுழைந்து திரும்பிப் பூட்டிக்கொள்ளும். உலகில் எந்தத் துறைமுகத்திலும் அதே துளை, அதே பூட்டு.

கண்டி வீதியிலோ ஹட்டன் டவுனிலோ ஒரு கொள்கலன் லொறி நின்றால் அதன் கதவைப் பாருங்கள். நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். முதல் மூன்று எழுத்து சொந்தக்காரரைக் குறிக்கும். நான்காவது எழுத்து பெரும்பாலும் 'யூ', அதாவது சரக்குப் பெட்டி. அடுத்த ஆறு எண்கள் பெட்டியின் இலக்கம். கடைசி எண்ணைத் தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். முன்னால் உள்ள பத்துக்கும் ஒவ்வொரு மதிப்புக் கொடுத்து, 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கட்ட எண். எழுதுவினைஞர் ஓர் எண்ணை மாற்றி அடித்தால் கணினி உடனே பிடித்துவிடும். இலட்சக்கணக்கான பெட்டிகள் நடமாடும் இடத்தில் நம் தேயிலைப் பெட்டி காணாமல் போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2016 ஜூலையில் இருந்து, சரக்கோடு சேர்த்து நிறுத்த எடையை அறிவிக்காமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற சர்வதேச விதியும் வந்துவிட்டது. பாரமான பெட்டி அடியிலும் இலேசானது மேலேயும் போகாவிட்டால் கப்பல் நிலை தடுமாறும்.

தாய்க்கப்பலும் ஊட்டுக்கப்பலும்

கொழும்பில் ஏறி இறங்கும் பெட்டிகளில் ஐந்தில் நான்கு பங்கு இலங்கையுடையதே இல்லை. ஒரு கப்பலில் வந்து இறங்கி, முற்றத்தில் சில நாள் கிடந்து, இன்னொரு கப்பலில் ஏறிப் போகும் சரக்கு அது. பெரும்பகுதி இந்தியாவுடையது. பங்களாதேஷின் ஆடைகளும் உண்டு.

ஹட்டன் பஸ் நிலையத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, சாமிமலை என்று பல பக்கத்தில் இருந்தும் சின்ன பஸ்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. அவர்கள் அங்கே மாறிக் கொழும்பு பஸ் ஏறுகிறார்கள். ஹட்டன் டவுனில் குடியிருப்பவர்களை மட்டும் நம்பினால் இத்தனை கொழும்பு பஸ் ஓடாது. மாறிப் போகிறவர்களுக்காக ஓடும் பஸ்ஸில் டவுன்காரருக்கும் நினைத்த நேரத்தில் இடம் கிடைக்கிறது.

கடலில் அந்தச் சின்ன பஸ் ஊட்டுக்கப்பல், பெரியது தாய்க்கப்பல். கர்ணபுலி ஆற்றுக்குள் இருக்கும் சட்டோகிராம் துறைமுகத்துக்கோ ஹூக்ளி ஆற்றுக் கொல்கத்தாவுக்கோ ஆழம் காணாது. தாய்க்கப்பல் போக முடியாது. தூத்துக்குடி, கொச்சி, சென்னையில் இருந்தும் சரக்கு சிறு கப்பலில் கொழும்புக்கு வருகிறது. ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான பெருவழி தெவுந்தர முனைக்குத் தெற்கே, கொழும்பில் இருந்து அதிகம் விலகாமல் போகிறது. தாய்க்கப்பல் சற்று ஒதுங்கி வந்தால் போதும். தேயிலைக்காக மட்டும் எந்தத் தாய்க்கப்பலும் ஒதுங்கி வராது. இந்தியச் சரக்குக்காக வரும் கப்பலில்தான் நம் தூளும் ஏறுகிறது. பல நிறுவனங்களின் கப்பல்கள் அடிக்கடி வருவதால், ஏற்றுமதியாளருக்கு இந்தக் கப்பல் இல்லாவிட்டால் அடுத்தது என்று கட்டணம் பேசும் இடமும் கிடைக்கிறது.

எண்ணை எப்படிப் படிப்பது

துறைமுகச் செய்தியில் 7.8 மில்லியன் என்று வந்தால், அத்தனை பெட்டி வந்தது என்று பொருளில்லை. இறக்கும்போது ஒருமுறை, ஏற்றும்போது ஒருமுறை என்று மாற்றுச் சரக்கை இரண்டு தடவை எண்ணுவார்கள். ஐந்தில் நான்கு பங்கு மாற்றுச் சரக்கு என்றால், அந்த ஆறு மில்லியனுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது மூன்று மில்லியன் அளவு பெட்டிதான். ஏற்றுமதித் தேயிலை ஒரே ஒருமுறைதான் எண்ணப்படும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எண்ணிக்கை எதனால் ஏறுகிறது, இறங்குகிறது என்பது. 2001இல் கொழும்பு கையாண்டது 1.7 மில்லியன் அளவு. அந்த ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும் காப்புறுதிக்காரர்கள் போர் அபாயக் கட்டணத்தை ஏற்றினார்கள். கப்பல்கள் விலகிப் போயின. பெரிய பாய்ச்சல் 2013க்குப் பிறகு. அந்த ஆண்டு 18 மீற்றர் ஆழத்தோடு தெற்கு முனையம் திறந்தது. 2013இல் 4.3 மில்லியனாக இருந்த எண்ணிக்கை 2018இல் 7 மில்லியனைத் தாண்டியது. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போன காலம் அது. ஆழமான முனையம் இருந்த துறைமுகத்துக்கு அவை வந்தன, இல்லாததைத் தாண்டிப் போயின.

அதன்பின் எண்ணிக்கை பல வருடம் அசையவில்லை. 2020இல் 6.85 மில்லியன், 2021இல் 7.25, நாட்டில் நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022இல் 6.86, 2023இல் 6.95. எரிபொருள் வரிசையில் நாடே நின்ற வருடத்திலும் துறைமுகம் பெரிதாகச் சரியாததற்கு, அதன் சரக்கு பெரும்பாலும் பிறருடையது என்பதே காரணம்.

மையத் துறைமுகமாக இருப்பதற்கு விலையும் உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே 1,486 கொள்கலன்களோடு தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கடற்கரையை மூடின. மீனவர் பலர் கடலுக்குப் போக முடியாமல் நின்றார்கள்.

செங்கடலும் விழிஞ்ஞமும்

2023 நவம்பரில் ஹூதிக் கிளர்ச்சிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் சுயஸை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றின. பயணம் பத்து நாளளவு நீண்டது. வளைகுடாத் துறைமுகங்களுக்குப் போய்த் திரும்ப நேரமில்லாத கப்பல்கள் கொழும்பிலேயே பெட்டிகளை இறக்கி மாற்றின. 2024இல் எண்ணிக்கை 7.8 மில்லியனுக்கு ஏறியதில் இதற்குப் பங்குண்டு. துறைமுகத்துக்கு வரவு கூடியது. துருக்கிக்கும் கருங்கடல் வழியாக ரஷ்யாவுக்கும் தேயிலை அனுப்பியவர்களுக்குச் செலவும் தாமதமும் கூடின. செங்கடலைத் தொடாமல் வளைகுடாவுக்குப் போகும் ஈராக், துபாய்ச் சரக்குக்கு அந்தச் சுற்று இல்லை. துறைமுகத்தின் லாபமும் தேயிலையின் லாபமும் எப்போதும் ஒன்றாக நகராது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இப்போது போட்டி பக்கத்திலேயே வந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்கு அருகே, இயற்கையாகவே ஆழமான விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2இல் முறைப்படி திறக்கப்பட்டது. அடுத்த மாதமே எம்.எஸ்.சி. ஐரினா அங்கே வந்து நின்றது. கொழும்பும் சும்மா இருக்கவில்லை. அதானி குழுமம், ஜோன் கீல்ஸ், துறைமுக அதிகாரசபை மூன்றும் சேர்ந்து கட்டிய மேற்கு முனையம், 1,400 மீற்றர் நீளமும் 20 மீற்றர் ஆழமுமாக 2025 ஏப்ரலில் வேலை தொடங்கியது. விழிஞ்ஞத்தை நடத்துவதும் இதே அதானி குழுமம்தான். எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் மாறும் என்ற முடிவில் இரு கரையிலும் ஒரே நிறுவனத்துக்கு இனி கை இருக்கும்.

இந்தியச் சரக்கில் ஒரு பகுதி விழிஞ்ஞத்துக்குத் திரும்பினால் கொழும்பின் எண்ணிக்கை குறையலாம். அதைவிடத் தேயிலைக்கு முக்கியம், வாரத்துக்கு எத்தனை தாய்க்கப்பல் வருகிறது, எந்தெந்தத் துறைமுகத்துக்கு நேராகப் போகிறது என்பது. கப்பல் குறைந்தால் கட்டணம் ஏறும், பெட்டி முற்றத்தில் கிடக்கும். வாங்குபவர் அந்தச் செலவை ஏலத்தில் கேட்கும் விலையில் கழிப்பார். அந்தக் கழிவு ஸ்டோருக்கு வரும், அங்கிருந்து மலைக்கு வரும். எனவே அடுத்த முறை துறைமுகம் சாதனை படைத்தது என்ற செய்தி வந்தால், எத்தனை மில்லியன் என்பதோடு நிறுத்தாமல், துருக்கியின் மெர்சினுக்கும் ஈராக்கின் உம் கஸ்ருக்கும் நேர்க்கப்பல் கூடியதா குறைந்ததா என்று தேடிப் பாருங்கள். தோட்டத்துக்கு வேண்டிய கணக்கு அங்கேதான் இருக்கிறது.