உங்களுக்குத் தெரியுமா? கடை வழியே பிரிந்த காஞ்சி யோகினியர்

காஞ்சிபுரத்துப் பிரதேசத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே ஆலயத்துக்கென வடிக்கப்பெற்றதாகக் கருதப்படும் யோகினி தேவியர், இன்று வாஷிங்டன், லண்டன், பாரிஸ், டெட்ராய்ட், டொராண்டோ என்று திசைக்கொருவராகச் சிதறி வீற்றிருப்பதற்குக் காரணம், பாரிஸ் நகரத்து ஒரு கலைப்பொருள் கடையே!

● புதுச்சேரியில் பேராசிரியராயிருந்து, பல்லவர் சரித்திரத்தை ஆராய்ந்து நமக்குப் பேருபகாரம் செய்த ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர்தாம், 1926ஆம் ஆண்டையொட்டி இச்சிலைகளைச் சேகரித்து, சி. டி. லூ என்ற வியாபாரிக்குக் கப்பலேற்றியவர் என்பது மனத்தை வருத்துகிறது.

● சீனரான லூ, அக்காலத்தில் பாரிஸின் கூர்செல் வீதி மாளிகையொன்றைச் செந்நிறப் பகோடாவாக மாற்றிக் கடை நடத்தினார். அங்கிருந்து தேவியர் தனித்தனியே விலைபோயினர்.

● இத்தேவியருக்கு விரித்த ஜடை, இதழோரத்தில் சிறு கோரைப்பல், கையில் கபாலம்; ஆயினும் முகத்தில் எத்தனை சாந்தம்!

● இன்றோ, இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிற்பங்களைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது. உள்நாட்டில் வியாபாரமாக விற்கவும் உரிமம் வேண்டும். பழஞ்சிலை வாங்குவோர், முதலில் அந்த உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள்.