இருமலில் ரத்தம் நிற்க எத்தனை ஸ்கேன் வேண்டும்?

ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கதிர்வீச்சுக்காகப் போய்வர 150 கிலோமீட்டருக்குக் குறையாது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிக்கு மூச்சுத்திணறலோடு அந்தப் பயணமே ஒரு சிகிச்சைச் சுமை. திட்டமிடுவதற்கென்றே தனியாக எடுக்கும் சிமுலேஷன் சி.டி. ஸ்கேனை இத்தகைய நோயாளிகளில் பலருக்குத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. ஏன்? வலி, ரத்தம், திணறல் தணிவதே இங்கே நோக்கம். 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இரண்டே முறையில் தந்த மொத்தம் 17 கிரே கதிர்வீச்சு, பத்து முறையில் தந்த மொத்தம் 30 கிரேக்கு இணையாக அறிகுறிகளைத் தணித்தது. பயணங்களையே இப்படிக் குறைக்க முடிந்தபின், ஸ்கேனுக்கென்று இன்னொரு பயணம் எதற்கு? நோயைக் கண்டறிய எடுத்த சி.டி. படத்திலேயே கட்டியின் இடமும் திசுக்களின் அடர்த்தியும் இருக்கின்றன. கதிரின் அளவைக் கணக்கிட அவை போதும்.

அந்தப் படம் வளைந்த மேசையில் எடுத்தது, சிகிச்சை மேசையோ தட்டை, உடல் கிடக்கும் விதம் மாறுமே என்பார்கள். மாறும்தான். அதற்காகவே கட்டியைச் சுற்றி ஓரம் தாராளமாக விடப்படுகிறது. சிகிச்சை மேசையிலேயே கோன் பீம் சி.டி. எடுத்து இடத்தைச் சரிபார்க்கவும் முடியும். படம் பழையதாகி, இடையில் நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியிருந்தால் கதை வேறு: சுருங்கிய நுரையீரலும் கட்டியும் சாதாரண சி.டி.யில் ஒன்றுபோலத் தெரியும், பிரித்துக் காட்டுவது பெட் ஸ்கேன். தண்டுவடம் நெருக்கப்பட்டால் எம்.ஆர்.ஐ.யைத் தவிர்க்கக் கூடாது.