மேதையா, பித்தா? கும்பகோணம் தரும் பாடம்

“அவன் ஒரு மாதிரி, சார்!” ஆசிரியர் அறையில் இந்தச் சொற்களை நாம் எல்லோருமே கேட்டிருப்போம். கணக்கில் யாரும் சொல்லித்தராத வழியில் விடை எழுதுவான். வேறு பாடத்தில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போவான். ‘மேதைக்கும் பித்துக்கும் நூலிழைதான் இடைவெளி’ என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிடுகிறோம். அந்த நூலிழை உண்மையில் எங்கே இருக்கிறது? இதைச் சிந்திக்கக் காவிரிக் கரையிலேயே நமக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது.

பள்ளி கண்டுகொண்ட மாணவர்

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன் வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். இராமானுஜன் படித்த டவுன் உயர்நிலைப் பள்ளியில் மூத்த கணித ஆசிரியர், பள்ளி முழுமைக்குமான கால அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தார். அந்த வேலையின் சிக்கல் நமக்குத் தெரியாததல்ல! 1904இல் கணிதத்துக்கான பரிசையும் பள்ளி அவருக்கு வழங்கியது.

அதே ஆண்டு உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை, ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை பறிபோனது. 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேர்ச்சி இல்லை. தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதிக்கொண்டிருந்தார். பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. ஊர் என்ன பேசியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

அவரே எழுதிய வரி

1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச்.ஹார்டிக்குத் தன் தேற்றங்களை அனுப்பினார். பிப்ரவரியில் எழுதிய அடுத்த கடிதத்தில், 1+2+3+4+… என்ற முடிவிலாத் தொடரின் மதிப்பு தன் முறைப்படி −1/12 என்றும், இதைச் சொன்னால் மனநோய் விடுதிக்கே தனக்கு வழிகாட்டுவீர்கள் என்றும் அவரே குறிப்பிட்டார்.

கூட்டக் கூட்டப் பெருகும் தொடருக்குக் குறை எண்ணா? ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1+x+x²+x³+… = 1/(1−x) என்பது நாம் அறிந்த பெருக்குத் தொடர். x=1/2 என்றால் இரு பக்கமும் 2. x=−1 என்றால் இடப்பக்கம் 1−1+1−1+… என்று ஊசலாடுகிறது; வழக்கமான பொருளில் அதற்குக் கூட்டல் பலன் கிடையாது. ஆனால் வலப்பக்கம் 1/2 என்ற தெளிவான மதிப்பைத் தருகிறது. இவ்வாறு ஒரு சார்பை அதன் எல்லைக்கு அப்பாலும் நீட்டிப் பார்க்கும் முறையில்தான் −1/12 கிடைக்கிறது. ரீமானின் சீட்டா சார்பு −1 என்ற இடத்தில் பெறும் மதிப்பும் இதுவே. அந்தக் கோட்பாட்டை யாரிடமும் பயிலாமல் இராமானுஜன் தன் வழியில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

முதல் கடிதம் வந்தபோது, எழுதியவர் மேதையா, கிறுக்கரா என்ற கேள்வி ஹார்டிக்கும் எழுந்தது. அவர் செய்தது ஒன்றுதான்: நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார். ஆக, பித்து என்று தோன்றியதற்கும் மேதைமைக்கும் இடையே அன்று இருந்தது பொறுமையாகப் படிக்கும் ஒரு வாசகர்தான்.

துன்பம் திறமையின் விலையா?

1914இல் இங்கிலாந்து சென்ற இராமானுஜன் போர்க்காலக் குளிரிலும் தனிமையிலும், ஒத்துவராத உணவோடும் வாழ்ந்தார். 1917 முதல் மருத்துவமனைகளில் நாள்கள் கழிந்தன. 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நாடு திரும்பி 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் சென்னையில் மறைந்தார்.

இதைப் பார்த்து ‘மேதைகள் இப்படித்தான்’ என்று சொல்வது தவறு. நோயும் தனிமையும் அவருக்குக் கணிதத்தைத் தரவில்லை. கணிதம் செய்யும் ஆண்டுகளைத்தான் பறித்தன. அமெரிக்கக் கணித அறிஞர் ஜான் நாஷும் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வை 1950 வாக்கில், மனச்சிதைவு நோய் வருவதற்கு முன்பே முடித்திருந்தார்.

சுவீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வும் சிந்திக்க வைக்கிறது. இருதுருவ மனநோயைத் தவிர்த்தால், படைப்புத் தொழில்களில் இருப்போருக்கு மனநோய் பொதுவாக அதிகமாகக் காணப்படவில்லை. எழுத்தாளர்களிடம் மட்டும் சில நோய்கள் கூடுதலாக இருந்தன. தொடர்பு ஓரளவு உண்டு; ஆனால் பித்து இருந்தால்தான் மேதை என்பதற்கு இடமில்லை.

நம் வகுப்பறையில்

இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுப் பழகுவோம். முதலாவது, ‘இந்த மாணவர் எழுதியிருப்பது என்ன?’ விடைக்குறிப்பில் இல்லாத வழி என்பதற்காக அடித்துவிடாமல், கரும்பலகைக்கு அழைத்து விளக்கச் சொல்லலாம். நமக்குப் புரியாவிட்டால் வேறொரு ஆசிரியரிடம் காட்டலாம்.

இரண்டாவது, ‘இந்த மாணவர் எப்படி இருக்கிறார்?’ தூக்கமின்மை, சாப்பாட்டில் நாட்டமின்மை, நண்பர்களிடமிருந்து விலகல், ‘நான் இருந்து என்ன பயன்’ போன்ற பேச்சு ஆகியவற்றை மேதையின் குணம் என்றோ சோம்பல் என்றோ ஒதுக்கக்கூடாது. தனியே அழைத்துப் பேச வேண்டும். பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு வழிகாட்ட வேண்டும். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். முதல் கேள்விக்கு விடை ‘மேதை’ என்று வந்தாலும், இரண்டாவதைக் கேட்கத்தான் வேண்டும்.

டிசம்பர் 22 தேசிய கணித நாள். அன்று பள்ளியில் இராமானுஜனின் படத்துக்கு மாலையிடும்போது, கடைசி வரிசையில் ‘ஒரு மாதிரி’ என்று நாம் ஒதுக்கிவைத்த மாணவரின் நோட்டையும் ஒருமுறை வாங்கிப் படிப்போம்.