அணியுடன் ஓர் அயல்நாட்டுப் பயணம்

நுழையும்முன்

தாய்நாட்டு அணி அயல்மண்ணில் ஆடும்போது அரங்கில் அமர்ந்து ஊக்குவிக்க வேண்டும் என்னும் விருப்பம் இளைஞர் பலருக்கு உண்டு. அவ்விருப்பம் நிறைவேறப் பொருள்வளம் மட்டும் போதாது. முறையான திட்டமிடலும் வேண்டும். 2024ஆம் ஆண்டு கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைச் சான்றாகக் கொண்டு, அத்தகைய பயணத்தைத் திட்டமிடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தனித்து நின்ற அணி

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதியாட்டம். ஒருபுறம் தென்கொரியா, மறுபுறம் சையது அப்துல் ரஹீம் பயிற்றுவித்த இந்தியா. அவ்விளையாட்டுப் போட்டியில் இஸ்ரேலும் தைவானும் பங்கேற்க இந்தோனேசியா இசைவளிக்கவில்லை. இதற்கு இந்தியரான ஜி. டி. சோந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். அதனால் சினமுற்ற உள்ளூர் மக்கள் இந்திய அணியைக் கூச்சலிட்டு எதிர்த்தனர். நிறைந்திருந்த அந்த அரங்கில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் மட்டும் தமக்காகக் குரல் கொடுத்ததாக நம் வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். பி. கே. பானர்ஜியும், தலையில் தையலுடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, இந்தியா 2-1 என்னும் கணக்கில் வென்று தங்கம் பெற்றது.

வெற்றி கிட்டியது உண்மையே. ஆயினும் ஆரவாரிக்கத் தம் மக்கள் இல்லாத அரங்கில் ஆடுவது எத்துணைக் கடினம் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. எனவே, அணியைக் காண அயல்நாடு செல்வதை வெறும் உல்லாசப் பயணமாகக் கருதிவிட முடியாது. அது தனித்து நிற்கும் அணிக்குத் துணைநிற்கும் செயலுமாகும்.

நிறைந்த அரங்கம்

ஆதரவின் அருமையை அண்மைக் காலமும் காட்டியுள்ளது. 2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என வென்றபோது பார்வையாளர்கள் 2,569 பேர் மட்டுமே இருந்தனர். அணித்தலைவர் சுனில் சேத்ரி காணொலி வாயிலாக, அரங்குக்கு வந்து எங்களை ஆதரியுங்கள், குறையிருந்தால் நேரில் சொல்லுங்கள் என்று மக்களை வேண்டினார். மூன்று நாள்கள் கழித்துக் கென்யாவுடன் நடந்த ஆட்டத்தில் அதே அரங்கம் நிறைந்தது.

2024ஆம் ஆண்டு ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டங்களில் ஆடியது. ஆஸ்திரேலியாவுடன் 0-2, உஸ்பெகிஸ்தானுடன் 0-3, சிரியாவுடன் 0-1 என மூன்றிலும் தோற்றது. ஒரு கோலும் அடிக்கவில்லை. எனினும் முதல் ஆட்டத்தை 35,000க்கும் மேற்பட்டோரும், இரண்டாம் ஆட்டத்தை 38,000க்கும் மேற்பட்டோரும், மூன்றாம் ஆட்டத்தை 42,000க்கும் மேற்பட்டோரும் கண்டனர். இரண்டு தோல்விகளுக்குப் பின்னரும் கூட்டம் குறையவில்லை. கூடியது என்பது நோக்கத்தக்கது.

அவ்வரங்குகளை நீல வண்ணத்தால் நிறைத்தவர்களுள் மிகப் பலர் இந்தியாவிலிருந்து விமானத்தில் சென்றவர்கள் அல்லர். கத்தாரில் வாழ்ந்து உழைக்கும் இந்தியர்கள். அந்நாட்டில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்கின்றனர். அவர்களோடு, 2017ஆம் ஆண்டு உருவான 'புளூ பில்கிரிம்ஸ்' போன்ற ஆதரவாளர் குழுவினரும் இணைந்து நின்றனர்.

நாளிலிருந்து பின்னோக்கி

கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பெயர்பெற்ற சேலம் மாவட்ட ஊர் ஜலகண்டாபுரம். அவ்வூரைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர், தம் தந்தையுடன் அந்த ஆட்டங்களைக் காணத் திட்டமிட்டிருந்தார் எனக் கொள்வோம். அவர் எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்? தறியில் பாவு ஒழுங்காக அமைந்த பின்னரே ஊடை நூல் ஓடும் என்பதை அவ்வூரார் அறிவர். பயணத்துக்குப் பாவு போன்றது கால அட்டவணை. அதனை ஆட்ட நாளிலிருந்து பின்னோக்கி அமைத்தல் வேண்டும்.

எந்த அணி எந்த அணியுடன் ஆடும் என்பதை முடிவுசெய்யும் குலுக்கல் 2023ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் தோகாவில் நடைபெற்றது. இந்தியாவின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 13, சனிக்கிழமை. இடைப்பட்ட காலம் எட்டு மாதங்கள். கடவுச்சீட்டுப் பெறுதல், சேமித்தல், நுழைவுச்சீட்டு வாங்குதல், விமானப் பயணத்தை உறுதிசெய்தல் ஆகிய அனைத்தையும் இந்த எட்டு மாதங்களுக்குள் பகிர்ந்து வைத்தல் வேண்டும்.

பள்ளி நாள்காட்டியையும் உடன்வைத்துப் பார்த்தல் நன்று. முதல் ஆட்டம் ஜனவரி 13; பொங்கல் ஜனவரி 15; இரண்டாம் ஆட்டம் ஜனவரி 18; மூன்றாம் ஆட்டம் ஜனவரி 23. முதல் ஆட்டத்தை மட்டும் காண்பவர் பொங்கல் விடுமுறைக்குள் ஊர் திரும்பிவிடலாம். மூன்றையும் காண விழைபவர் பல பள்ளி நாள்களை இழக்க நேரிடும். எல்லா ஆட்டங்களையும் காண வேண்டும் என்னும் ஆவலினும், ஓர் ஆட்டத்தை நிறைவாகக் காண்போம் என்னும் தெளிவே மாணவருக்கு ஏற்றது.

முன்கூட்டித் திட்டமிடுதல் வேறு. முன்கூட்டிப் பணம் செலுத்துதல் வேறு. இத்தொடரை 2023ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் சீனாவில் நடத்தவே முதலில் முடிவாகியிருந்தது. கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகச் சீனா 2022 மே மாதத்தில் விலகியது. இந்தியா தகுதி பெற்றது 2022 ஜூன் 14ஆம் நாள். கத்தார் தேர்வுசெய்யப்பட்டதோ அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள். அதாவது, நாம் தகுதி பெற்ற நாளில் போட்டி எந்த நாட்டில் நடைபெறும் என்பதே முடிவாகவில்லை! ஆகவே, இடமும் நாளும் உறுதியாகும்வரை, திரும்பப் பெற இயலாத கட்டணம் எதனையும் செலுத்துதல் கூடாது.

கடவுச்சீட்டும் பெயரும்

போட்டி எங்கு நடப்பினும் தேவைப்படுவது கடவுச்சீட்டு. எனவே, இடம் உறுதியாகுமுன்னரே செய்யத்தக்க முதற்பணி இதுவே. கடவுச்சீட்டுச் சேவை இணையத்தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, நேர ஒதுக்கீடு பெற்று, உரிய நாளில் மூலச் சான்றுகளுடன் நேரில் செல்ல வேண்டும். சேலம் தலைமை அஞ்சலகத்தில் இயங்கும் கடவுச்சீட்டுச் சேவை மையம் ஜலகண்டாபுரத்தினர்க்கு அருகிலுள்ளது. 18 வயது நிறையாதோர்க்குப் பெற்றோரின் இசைவு தேவை. அவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் அல்லது 18 வயது நிறைவு, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வழங்கப்படும். 15 வயது நிறைந்தோர் விரும்பினால் 10 ஆண்டுகள் செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும் கோரலாம். முன்னதற்குக் கட்டணம் ரூ. 1,000, பின்னதற்கு ரூ. 1,500 (2024ஆம் ஆண்டு நிலவரம்). பல நாடுகள், நாம் சென்று சேரும் நாளிலிருந்து மேலும் ஆறு மாதங்களேனும் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் எனக் கேட்கின்றன.

தமிழ்நாட்டினர் சிறப்பாகக் கருத வேண்டியது பெயர். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடும் வழக்கமுடையோம். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தே எழுதுதல் வேண்டும். குடும்பப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட கடவுச்சீட்டுடன் சுற்றுலா செல்வோர்க்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு, விமானப் பயணச்சீட்டு ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்கின்றனவா என்பதை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் நலம்.

நுழைவிசைவும் நுழைவுச்சீட்டும்

விசா எனப்படும் நுழைவிசைவு, ஒரு நாட்டுக்குள் செல்ல அந்நாடு அளிக்கும் ஒப்புதல். ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டு, அரங்குக்குள் செல்ல அளிக்கப்படும் ஒப்புதல். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 2022 உலகக் கோப்பையின்போது 'ஹய்யா' அட்டையையே கத்தார் நாட்டு நுழைவிசைவாகவும் ஏற்றது. அது சிறப்பு ஏற்பாடு. எல்லாப் போட்டிகளிலும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ளலாகாது. இவ்விதிகள் அடிக்கடி மாறுவதால், அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அல்லது அரசின் இணையத்தளத்தையே சான்றாகக் கொள்ள வேண்டும். பெற்றோர் இருவரும் உடன்வராத நிலையில் செல்லும் சிறார், அவர்களின் எழுத்துவழி இசைவை உடன் கொண்டுசெல்லுதல் நன்று.

இத்தொடருக்கான நுழைவுச்சீட்டு விற்பனை 2023 அக்டோபரில் தொடங்கியது. குறைந்த விலை 25 கத்தார் ரியால். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ ரூ. 570. ஒருவர் மூன்று ஆட்டங்களையும் காண ஏறத்தாழ ரூ. 1,700 போதும். போட்டி நடத்துவோரின் அதிகாரமுறை இணையத்தளத்தில் மட்டுமே சீட்டு வாங்க வேண்டும். இடைத்தரகர் தரும் சீட்டு போலியாயின், கடல் கடந்து சென்றும் அரங்க வாயிலிலேயே நிற்க நேரும்.

வழியும் செலவும்

ஆட்டத்தைக் காணும் செலவு சிறிது. ஆட்டம் நடக்கும் இடத்தை அடையும் செலவே பெரிது. ஓமலூருக்கு அருகிலுள்ள சேலம் விமான நிலையத்தில் உள்நாட்டுச் சேவை மட்டுமே உண்டு. தோகாவுக்குச் சென்னை, பெங்களூரு, கொச்சி ஆகிய நகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் செல்கின்றன. சேலத்திலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 200 கி.மீ.; சென்னை ஏறத்தாழ 340 கி.மீ. விமானக் கட்டணத்தை ஒப்பிடுவோர், ஊரிலிருந்து விமான நிலையம் செல்லும் பேருந்து அல்லது தொடர்வண்டிக் கட்டணத்தையும், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சென்றடைந்த நகரிலும் தொலைவு உண்டு. முதல் இரண்டு ஆட்டங்கள் நடந்த அகமது பின் அலி விளையாட்டரங்கத்துக்கு அருகிலேயே மெட்ரோ தொடர்வண்டி நிலையம் உள்ளது. மூன்றாம் ஆட்டம் நடந்த அல் பைத் விளையாட்டரங்கமோ தோகாவின் மையப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. வடக்கே உள்ளது, அங்கு மெட்ரோ செல்வதில்லை. நேர வேறுபாட்டையும் மறத்தலாகாது. கத்தார் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் மாலை 5 மணிக்குத் தோன்றிய ஆஸ்திரேலிய ஆட்டம் அங்கே பிற்பகல் 2.30 மணிக்குத் தொடங்கியது.

செலவுப் பட்டியலைக் கடவுச்சீட்டும் நுழைவிசைவும், பயணம், தங்குமிடம், உணவு, நுழைவுச்சீட்டு, காப்பீடு, எதிர்பாராச் செலவு என ஏழாகப் பிரிக்கலாம். உறவினர் எவரேனும் அந்நகரில் பணிபுரிந்தால் தங்குமிடச் செலவு குறையும். ஆயினும் அவர்தம் இருப்பிட வசதியையும் பணி நேரத்தையும் முன்னரே கேட்டறிதல் பண்பாகும். கடன்பெற்று ஆட்டம் காணச் செல்லுதல் அறிவுடைமையன்று. மருந்து கொண்டுசெல்வோர் மருத்துவரின் சீட்டையும் உடன்கொள்ள வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை வளைகுடா நாடுகளில் கடுங்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

அரங்கில் நம் நடத்தை

அயல்நாட்டு அரங்கில் அமர்ந்திருப்பவர் தம் நாட்டின் முகமாகவே நோக்கப்படுவார். 1998ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த உலகக் கோப்பை முதற்கொண்டு, ஜப்பானிய ஆதரவாளர்கள் ஆட்டம் முடிந்ததும் இருக்கைகளைச் சுற்றியுள்ள குப்பைகளைத் திரட்டிவிட்டுச் செல்கின்றனர். 2022இல் கத்தாரிலும் அவ்வாறே செய்தனர். வெற்றி தோல்வியை மறந்தவர்களும் அச்செயலை மறக்கவில்லை.

நம் தேசியக் கொடியில் எழுத்து எதனையும் எழுதலாகாது என்பது இந்தியக் கொடி விதித்தொகுப்பு கூறும் நெறி. ஊர்ப்பெயரையோ குழுவின் பெயரையோ எழுத விரும்புவோர் தனித் துணியில் எழுதிப் பிடிக்கலாம். எதிரணியின் நாட்டுப்பண் ஒலிக்கும்போது எழுந்து அமைதி காத்தலும், நடுவரின் முடிவு கசந்தாலும் இழிசொல் தவிர்த்தலும் கடமைகளாகும்.

முதல் அடி

இத்தகைய பயணம் எல்லார்க்கும் இப்போதே இயலுவதன்று. அதனால் வருந்த வேண்டியதில்லை. கத்தாரில் அணிக்குத் துணைநின்றோருள் பலர் விடுமுறை நாளில் பேருந்தும் மெட்ரோவும் ஏறி வந்த உழைப்பாளர்களே. தமக்கு அருகில் அணி வந்தபோது அவர்கள் சென்று நின்றனர். நமக்கும் அவ்வழி திறந்தே உள்ளது. நம் மாநிலத்தில் நடக்கும் ஆடவர், மகளிர் ஆட்டங்களுக்குச் சென்று அமர்வதே முதல் அடி. கடவுச்சீட்டு பெறுதல் இரண்டாம் அடி. மாதந்தோறும் ஒரு சிறுதொகை சேமித்தல் மூன்றாம் அடி. வெற்றி உறுதி என்பதற்காக எவரும் இப்பயணத்தை மேற்கொள்வதில்லை. தோற்கும் நாளிலும் நம் அணி தனித்து நிற்றலாகாது என்பதற்காகவே மேற்கொள்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. இந்திய மகளிர் அல்லது ஆடவர் கால்பந்து அணி அயல்நாட்டில் ஆடவுள்ள ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஆட்ட நாளிலிருந்து பின்னோக்கி ஒரு கால அட்டவணை உருவாக்குக.

2. உம் பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் ஆகியவை ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்து, வேறுபாடு இருப்பின் திருத்தும் வழிமுறையைக் கேட்டறிந்து எழுதுக.

3. 'தோற்கும் அணிக்கும் ஆதரவு தேவை' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.