தரவோடு வரும் நேரம்

யூஎஸ்பி 3.0 கேபிளில் விநாடிக்கு 500 கோடி பிட் பாய்கிறது. ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 200 பைக்கோ விநாடி. அதற்குள் செம்புக் கம்பியில் சமிக்ஞை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான் நகரும். பெறுகிற சிப் ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் பார்த்து 0 அல்லது 1 என்று முடிவுசெய்ய வேண்டும். எப்போது பார்ப்பது என்று சொல்லும் கிளாக் கம்பி அந்தக் கேபிளில் கிடையாது. வரும் தரவிலிருந்தே நேரத்தைப் பிரித்தெடுக்கிறது ஒரு சிறு மின்சுற்று. கம்பியை மிச்சம்பிடிக்கும் ஏற்பாடு என்று இதை எண்ணிவிடக் கூடாது. இவ்வளவு வேகத்தில், கேபிள் வழியே நேரத்தைப் பிசகாமல் கொண்டுசேர்க்க இதுவே தக்க வழி.

கிளாக்கைத் தனிக் கம்பியில் அனுப்பினால் என்ன? அந்தக் கம்பி தரவுக் கம்பியைவிட 2 சென்டிமீட்டர் நீண்டாலே அரை பிட் தவறி, பார்வை பிட்டின் விளிம்பில் விழும். ஒரே போர்டில் அருகருகே இருக்கும் ராம் சிப்புகளுக்கு இன்றும் நேரக் குறி தனிக் கம்பியில்தான் போகிறது. அங்கே நீளங்களைச் சமப்படுத்த முடியும். கேபிள் நீள நீள அது கைமீறிவிடும். சரி, இரு முனையிலும் ஒரே மாதிரி குவார்ட்ஸ் படிகம் வைத்தால் போதாதா? ஒவ்வொரு பக்கமும் 10 லட்சத்துக்கு 300 வரை பிசகலாம் என்பது விதி. இரண்டும் எதிரெதிராகப் பிசகினால், 830 பிட்டைத் தாண்டியதுமே அரை பிட் விலகிவிடும். ஆகவே இடைவிடாமல் திருத்த வேண்டும். 1975-இல் அலெக்சாண்டர் என்பவர் சொன்ன முறை எளிமையானது: பிட்டின் நடுவில் மட்டுமல்ல, இரு பிட்டுகள் சந்திக்கும் இடத்திலும் ஒருமுறை பார். அங்கே முந்தைய பிட் தெரிந்தால் நம் கிளாக் முந்துகிறது. அடுத்த பிட் தெரிந்தால் பிந்துகிறது. அதற்கேற்பச் சிறிதளவு நகர்த்து.

இந்த முறைக்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பூஜ்யமே தொடர்ந்து வந்தால் மாற்றமே இராது. அப்போது எதை வைத்துத் திருத்துவது? ஐபிஎம்மின் விட்மரும் ஃபிரனாஷெக்கும் 1983-இல் வெளியிட்ட முறையில் 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்புவார்கள். ஒரே பிட் ஐந்து முறைக்கு மேல் தொடராது. யூஎஸ்பி 3.0 கையாள்வதும் இதையே. விலை கனமானது: 500 கோடியில் 400 கோடிதான் நம் தரவு. கணினிக்குள் பாகங்களை இணைக்கும், 2010-இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தரவைக் கலைத்துப்போட்டு, 128 பிட்டுக்கு 2 பிட் தலைப்பு மட்டும் சேர்க்கிறது. அந்தத் தலைப்பு 01 அல்லது 10 என்பதால், 130 பிட்டுக்கு ஒரு மாற்றமாவது உறுதி. அவ்வளவு அரிதாக வந்தாலும் போதுமா? படிகங்களின் பிசகு 130 பிட்டில் ஒரு பிட்டின் 8 சதவீதத்தைத் தொடாது.