தண்ணீரின் சாவி

அதிகாலை நேரம். தாராவியில் தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் ஓரமாக நீல நிற டிரம்கள் நிற்கின்றன. குடங்கள் வரிசையாக இருக்கின்றன.

"யக்கா, தண்ணி வந்துட்டா?"

"இன்னும் இல்லட்டி. குழாயில காத்துதான் வருது."

கேட்டவர் இட்லி வியாபாரம் செய்யும் பெண். தாராவியில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லிதான் பிழைப்பு. விடியும் முன்பே அவித்து, ஊரின் பல பகுதிகளுக்கும் அனுப்பிவிடுவார்கள். அரிசி களைய வேண்டும். உளுந்து ஊற வைக்க வேண்டும். மாவு ஆட்ட வேண்டும். பாத்திரம் கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். இன்று தண்ணீர் குறைந்தால் நாளை வியாபாரம் குறையும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதைத் திறந்து விடுவது யார்? அது சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது யார்?

ஏழு ஏரிகள்

மும்பைக்கு ஏழு ஏரிகளில் இருந்து தண்ணீர் வருகிறது. முதலில் வந்தது விஹார் ஏரித் தண்ணீர். அது 1860ஆம் ஆண்டு. பிறகு 1879இல் துளசி ஏரி. 1892இல் தான்சா ஏரி. கடைசியாக 2014இல் மத்திய வைதர்ணா அணை. இன்று ஏறக்குறைய பாதித் தண்ணீரைத் தருவது பாட்சா.

சில ஏரிகள் 100 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ளன. அங்கிருந்து பெரிய குழாய்களிலும் சுரங்கங்களிலும் தண்ணீர் வருகிறது. பாண்டுப், பாஞ்ச்ராபூர் ஆகிய இடங்களில் அதைச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு நகரத்தில் உள்ள பெரிய தொட்டிகளுக்குப் போகிறது. அங்கிருந்து தெருக் குழாய்க்கு வருகிறது. ஒரு நாளைக்கு 380 கோடி லிட்டருக்கும் மேல் இப்படி வருகிறது.

சாவிக்காரர்

எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவதில்லை. இந்தப் பகுதிக்கு இத்தனை மணி, அந்தப் பகுதிக்கு அத்தனை மணி என்று பிரித்து விடுகிறார்கள்.

சாலையில் வட்டமான இரும்பு மூடியைப் பார்த்திருப்பீர்கள். சில மூடிகளுக்கு அடியில் வால்வு இருக்கும். மாநகராட்சி ஊழியர் நீண்ட இரும்புச் சாவியோடு வருவார். மூடியைத் திறப்பார். சாவியை வால்வில் மாட்டிச் சுற்றுவார். தண்ணீர் பாயும். நேரம் முடிந்ததும் வந்து மூடுவார். மும்பையில் இவரைச் சாவிவாலா என்கிறார்கள். இப்படித் தினமும் நூற்றுக்கணக்கான வால்வுகளைத் திறந்து மூடுகிறார்கள்.

அனுபவம் உள்ள சாவிக்காரருக்குச் சத்தத்தைக் கேட்டாலே தண்ணீரின் வேகம் தெரியும். ஆனால், கடைசிச் சந்தின் கடைசிக் குழாய்க்குத் தண்ணீர் போனதா என்பது அங்கே நின்றபடி தெரியாது. நடு வழியில் குழாய் உடைந்தால் அதுவும் தெரியாது. யாராவது ஓடி வந்து சொல்ல வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் தானியங்கிக் கருவிகள்.

தானாக இயங்குவது எப்படி?

இது புதிய விஷயம் அல்ல. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். உள்ளே ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும். தொட்டி நிறைந்ததும் பந்து குழாயை அடைத்துவிடும். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும். குழாய் மறுபடி திறக்கும். யாரும் காவல் நிற்க வேண்டாம்.

பந்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அறிகிறது. இரண்டு, அதற்கு ஏற்றபடி குழாயைத் திறக்கிறது, மூடுகிறது. தொழிற்சாலையில் ஓடும் பெரிய எந்திரத்துக்கும் இதே வழிதான். முதலில் அறிய வேண்டும். பிறகு செய்ய வேண்டும்.

தண்ணீர்க் குழாயில் இதற்கு நான்கு வகைக் கருவிகள் முக்கியம். இவற்றைச் சென்சார் என்கிறார்கள்.

முதல் கருவி நீர்மட்டத்தைப் பார்க்கும். ஏரியிலும் தொட்டியிலும் எவ்வளவு தண்ணீர் உள்ளது என்று சொல்லும்.

இரண்டாவது கருவி ஓட்டத்தைப் பார்க்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் போனது என்று சொல்லும்.

மூன்றாவது கருவி அழுத்தத்தைப் பார்க்கும். தண்ணீர் வரும்போது குழாயின் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள். விரலைத் தள்ளும். அதுதான் அழுத்தம். டாக்டர் நம் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல, கருவி குழாயின் அழுத்தத்தைப் பார்க்கிறது.

நான்காவது கருவி குளோரின் மருந்தைப் பார்க்கும். கிருமியைக் கொல்லத் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். வீட்டுக் குழாயில் வரும் ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லி கிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இல்லை என்றால் வழியில் ஏதோ அசுத்தம் கலந்திருக்கலாம்.

இந்தக் கருவிகள் தாங்கள் அறிந்ததை எண்களாக அனுப்பும். செல்போனில் செய்தி போவது போல அந்த எண்கள் போகும். கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் திரையில் உடனே தெரியும். ஓரிடத்தில் அழுத்தம் திடீரென்று விழுந்தால் மணி அடிக்கும். அங்கே குழாய் உடைந்திருக்கலாம் என்று ஆட்கள் புறப்படுவார்கள். மோட்டார் வைத்த வால்வாக இருந்தால், அறையில் இருந்தபடியே மூடவும் செய்யலாம்.

மும்பையிலும் ஏரிகள், சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் இத்தகைய கருவிகள் உள்ளன.

வெற்றுக் குழாயில் ஆபத்து

குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிறைந்து ஓடினால் ஒரு நன்மை உண்டு. ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் போகும். வெளி அழுக்கு உள்ளே வராது.

குழாய் காலியாக இருக்கும்போது கதை வேறு. ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். தாராவியில் பல குழாய்கள் சாக்கடை ஓரமாகவும் அதன் ஊடாகவும் போகின்றன. அதனால்தான் முதலில் வரும் தண்ணீர் சில நாள் கலங்கலாக இருக்கிறது. அதைக் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்கக் கூடாது. பிறகு வரும் தெளிந்த தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் இந்த வழியாகவும் வருகின்றன.

ஆகவே அழுத்தத்தைக் கவனிப்பது பொறியாளரின் வேலை மட்டும் அல்ல. அது குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்டது.

கருவி சொல்லும், செய்வது மனிதன்

2023ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். தாணேயில் யாரோ ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். மும்பைக்குத் தண்ணீர் கொண்டு வரும் சுரங்கம் அதில் சேதம் ஆனது. தண்ணீர் கசிந்தது. பழுது பார்க்க வேண்டியிருந்ததால் மார்ச் 31 முதல் மும்பைக்கு 15 சதவீதம் தண்ணீர் வெட்டு அறிவித்தார்கள். கசிவைக் கருவியால் சொல்ல முடியும். அடைக்க மனிதர்தான் இறங்க வேண்டும்.

கருவி வந்தால் சாவிக்காரருக்கு வேலை போய்விடுமா? பூமிக்கு அடியில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவருக்குத் தெரியும். கருவியைத் துடைக்க வேண்டும். பழுது நீக்க வேண்டும். அது சொல்வது சரியா என்று நேரில் பார்க்க வேண்டும். அவர் அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டால்தான் கருவி பயன் தரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மரூச்சி என்ற ஊரில் கழிவுநீர் நிலையங்களைக் கம்ப்யூட்டர் மூலம் இயக்கினார்கள். 2000ஆம் ஆண்டு ஒருவன் வெளியில் இருந்து ரேடியோ மூலம் கள்ளத்தனமாகக் கட்டளை அனுப்பினான். அவன் அந்த எந்திரங்களைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவன். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஆற்றிலும் பாய்ந்தது. அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. இரும்புச் சாவியைப் பூட்டி வைப்பது போல, கம்ப்யூட்டர் சாவியையும் பாதுகாக்க வேண்டும்.

புரியில் பெண்கள் செய்தது

ஒடிசா மாநிலத்தில் புரி நகரம் உள்ளது. 2021 ஜூலையில் அங்கே 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியது. குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம் என்று அரசு அறிவித்தது. தண்ணீரின் தரத்தைக் கருவிகள் கவனிக்கின்றன.

கருவியை மட்டும் அவர்கள் நம்பவில்லை. ஒடிசா நகரங்களில் சுய உதவிக் குழுப் பெண்களை இந்த வேலையில் சேர்த்தார்கள். இவர்களுக்கு ஜல் சாத்தி என்று பெயர். தண்ணீர்த் தோழி என்று பொருள். இவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். மீட்டர் எண்ணை எடுக்கிறார்கள். தண்ணீரைச் சோதிக்கிறார்கள். குறைகளைக் கேட்கிறார்கள்.

காரணம் இதுதான். கருவி வைத்த இடத்தில் என்ன நடக்கிறது என்றுதான் கருவிக்குத் தெரியும். பெரிய குழாயில் கருவி இருக்கும். கடைசிச் சந்தில் இருக்காது. பெரிய குழாயில் அழுத்தம் சரியாக இருந்தால் திரையில் எல்லாம் சரி என்றே காட்டும். அதே நேரத்தில் கடைசிக் குழாயில் காற்றுதான் வரும். அதை அங்கே குடத்தோடு நிற்பவர்தான் சொல்ல முடியும்.

எழுதி வையுங்கள்

வாயால் சொன்னால் போதாது. எழுதி வைக்க வேண்டும்.

ஒரு நோட்டு போதும். தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், கலங்கலா தெளிவா, மீட்டர் எண் ஆகியவற்றை எழுதுங்கள். தாராவியில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே மீட்டர் இருப்பது உண்டு. மீட்டரில் ஒரு யூனிட் என்றால் 1,000 லிட்டர். நேற்று 452, இன்று 455 என்றால் 3 யூனிட். அதாவது 3,000 லிட்டர். பத்து வீடு என்றால் சராசரியாக வீட்டுக்கு 300 லிட்டர். கணக்கு தெரிந்தால் சண்டை குறையும்.

யாரும் தண்ணீர் பிடிக்காதபோதும் மீட்டர் சுற்றுகிறதா? எங்கோ கசிகிறது. தண்ணீர் வராமல் காற்று மட்டும் வரும்போது சுற்றுகிறதா? அதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

குறை இருந்தால் மாநகராட்சியின் 1916 எண்ணுக்குச் சொல்லலாம். தாராவிக்கு உரிய ஜி வடக்கு வார்டு அலுவலகம் தாதரில் உள்ளது. அங்கே மனுவோடு நோட்டையும் காட்டுங்கள். "தண்ணீர் சரியாக வரவில்லை" என்றால் பதில் எளிது. "பதினைந்து நாளில் ஒன்பது நாள் இருபது நிமிடம்தான் வந்தது" என்றால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் கேட்பது சலுகை கேட்பது அல்ல. வீடு சட்டப்படி கட்டப்படவில்லை என்பதற்காகக் குடிசைவாசிகளுக்குத் தண்ணீரை மறுக்க முடியாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது.

சந்தில் குழாய் சீறுகிறது. காற்று போய்த் தண்ணீர் வருகிறது. இட்லிக்கார அக்கா முதல் குடத்தை ஒதுக்கி வைக்கிறார். பிறகு சுவரில் தொங்கும் நோட்டை எடுக்கிறார். பென்சிலால் எழுதுகிறார்: 5 மணி 40 நிமிடம். கலங்கல்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது? எவ்வளவு நேரம் வருகிறது?

2. உங்கள் மீட்டர் எங்கே இருக்கிறது? இன்று அதில் உள்ள எண் என்ன?

3. உங்கள் சந்தில் நோட்டு எழுதும் பொறுப்பை யார் யார் எடுத்துக்கொள்ளலாம்?