தீர்மானிக்கும் திறன் குன்றியோருக்குச் சட்டம் தரும் துணை

மறதிநோயால் மனத்தெளிவை இழந்த ஒரு முதியவரின் பெயரில் ரவாங்கில் வீடும் வங்கியில் சேமிப்பும் இருந்தால், அவருடைய மருத்துவச் செலவுக்காக அவற்றைப் பயன்படுத்த, மனைவியோ மக்களோ என்ற உறவு மட்டும் சட்டத்தின்முன் போதுமானதன்று. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் பொருளைப் புரிந்துகொண்டு தம் நலன்மீது அதன் விளைவை எடைபோட இயலாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி பெறார்.

இந்நிலையில் குடும்பத்தார் நாடவேண்டியது 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் பத்தாம் பகுதியாகும். அதன்கீழ் உறவினர் உயர் நீதிமன்றத்தில் மனு அளிக்கலாம். நீதிமன்றம் மருத்துவச் சான்றுகளை ஆராய்ந்து, அவர் தம்மையும் தம் காரியங்களையும் கவனிக்க இயலாதவர் என்று கண்டால், அவரைப் பராமரிக்க ஒருவரையும் சொத்தை நிர்வகிக்க ஒருவரையும் நியமிக்கும். சொத்தை நிர்வகிப்பவர் அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நீதிமன்றம் வகுத்த எல்லைக்குள் நின்று, நோயாளியின் நலனுக்காகவே செயல்பட அவர் கடமைப்பட்டவர்.

முன்கூட்டியே எழுதிவைத்த சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் மனத்தெளிவை இழந்ததும் பொதுவாகச் செல்லாமற்போகிறது. சிங்கப்பூரிலோ, 2010 முதல் நடைமுறையில் உள்ள மனத்திறன் சட்டம், திறன் இழந்த பின்னும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்தை ஏற்கிறது. தம் சார்பில் முடிவெடுப்பவரைத் தாமே தெரிவுசெய்யும் அவ்வுரிமை மலேசியக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும்.